கூலண்ட், ரேடியேட்டர் வேலை பார்த்த பிறகும் இன்ஜின் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

சூடாகும் காரோடு யாராவது பட்டறைக்கு வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்பது இதுதான்: "அந்த வேலை பார்க்கிறதுக்கு முன்னாடியே சூடாச்சுங்களா, இல்ல பார்த்த பிறகுதான் சூடாகுதா?"

சிலர் முகம் சுளிப்பார்கள். "அதான் ரேடியேட்டரே புதுசா மாத்தியாச்சே, இப்ப எதுக்கு பழைய கதை" என்பார்கள். ஆனால் பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப்படி கூலண்ட் மாற்றினீர்கள், அல்லது டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பாடியும் (கூலண்டைச் சுற்றவிடும் பம்ப்) போட்டீர்கள், மறுநாள் டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் ஏறுகிறது என்றால், கோளாறு அந்த வேலைக்குள்தான் இருக்கிறது. உள்ளே காற்று நின்றிருக்கும், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் வால்வு) தலைகீழாக உட்கார்ந்திருக்கும், ஃபேன் கப்ளரை (ஒயர் இணைப்பு) மாட்ட மறந்திருப்பார்கள். பெரும்பாலும் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியிருக்காது. சூடானதால்தான் பட்டறைக்கே போனீர்கள், ரேடியேட்டர் மாற்றியும் சூடு நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. முதலில் இருந்த காரணத்தை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை, அல்லது அன்றைக்கு வாங்கிய சூட்டிலேயே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) போய்விட்டது.

ஆகவே இன்னொரு பாகம் வாங்கும் முன் கடைசியாக என்னென்ன கழற்றி மாட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நான்கு லிட்டர் வடிந்த வண்டிக்குள் இரண்டரை லிட்டர்தான் போனது என்றால், மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் இருப்பது காற்று.

கை வைப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்பவர்களின் கையில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாய்) அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், கையில் சூடு உறைக்கக் கூடாது, அப்புறம்தான் மூடி. கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை உள்ளே விட வேண்டாம். வடித்த கூலண்ட் இனிப்பாக இருக்கும் விஷம். வாசலில் கொட்டிவிட்டுப் போனால் தெருநாய் நக்கிச் செத்துவிடும்.

முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகள் இப்போது நிறைய. ஆனால் அந்த விளக்கு எரியும் நேரத்தில் காரியம் கைமீறிப் போயிருக்கும். போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஒன்று வாங்கிவைத்தால் கூலண்ட் வெப்பநிலையை டிகிரியிலேயே பார்க்கலாம். 85க்கும் 100க்கும் நடுவில் ஏறி இறங்குவது இயல்பு. நம் ஊர் மே மாதத்தில், ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போது 103, 104 வந்து ஃபேன் சுற்றியதும் இறங்கினால் அதற்கும் பயப்பட வேண்டாம். 110ஐத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே முள் ஏறுகிறது, டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம்

வேலை பார்த்த மறுநாளே சூடாகும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் ஏர்லாக்.

கூலண்டை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்றும்போது, இன்ஜினில் உயரமான இடங்களில் காற்று ஒதுங்கிக்கொள்ளும். ஹெட்டுக்குள், தெர்மோஸ்டாட்டுக்கு அடியில், ஹீட்டர் கோரில் (ஹீட்டருக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்). வாட்டர் பாடி தண்ணீரைத் தள்ளத்தான் லாயக்கு, காற்றைத் தள்ளாது. காற்று நின்ற இடத்தில் கூலண்ட் ஓடாது, அந்த இடத்து உலோகம் மட்டும் கொதிக்கும். தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குப்பி காற்றுக்குள் நின்றுவிட்டால் அதற்குச் சூடு சரியாக எட்டாது, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. முள்ளும் நிலையாக நிற்காமல் சட்டென்று ஏறும், சட்டென்று விழும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஹீட்டர். நம் ஊரில் ஹீட்டர் குமிழைத் திருப்பிப் பார்த்தவர்களே குறைவு. முள் முக்கால் ஏறியிருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை வேகமாக வையுங்கள். அனல் காற்று வந்தால் கூலண்ட் ஓடுகிறது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் சாதாரணக் காற்றோ குளிர்ந்த காற்றோ வந்தால், ஹீட்டர் கோருக்குள் கூலண்ட் இல்லை. காற்று நிற்கிறது, அல்லது மொத்தத்திலேயே கூலண்ட் குறைவு.

போன கோடையில் ஒரு தம்பி கார் கொண்டுவந்தார். புது ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட், புது வாட்டர் பாடி. கழற்றிய பழையவற்றை ஒரு சாக்குப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்திருந்தார். "இனிமே ஹெட் இறக்கித்தான் பார்க்கணும்னு சொல்லிட்டாங்கண்ணா." ஹீட்டரைப் போடச் சொன்னேன். அந்த வெயிலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வந்தது வெறும் காற்று. வண்டியை ஆறவிட்டு மூடியைத் திறந்தபோது ரேடியேட்டர் கழுத்து வரை கூலண்ட் இருந்தது. நிறைந்திருக்கிறது என்று யாரும் ஏமாறுவார்கள். காற்றை எடுத்து முடித்தபோது அதற்கு மேல் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே உள்ளே போயிருந்தது. ஹெட் இன்றுவரை இறங்கவில்லை.

காற்று எடுப்பது இப்படித்தான். வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி உயரமாக வரும்படி, முன்பக்கம் தூக்கி நிற்கிற சரிவில் நிறுத்துங்கள், அல்லது முன் சக்கரங்களை ராம்ப் மேல் ஏற்றுங்கள். ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டுக்குப் போகட்டும். பழைய வண்டிகளில் அந்தக் குமிழ்தான் ஹீட்டர் வால்வைத் திறக்கும், மூடியே இருந்தால் உள்ளே உள்ள காற்று எக்காலமும் வெளியே வராது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ மேல் ஹோஸ் ஓரத்திலோ காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்திவிட்டு, குமிழி இல்லாமல் கூலண்ட் வடியும் வரை மெதுவாக ஊற்றி இறுக்குங்கள். மடமடவென்று ஊற்றினால் காற்றை நீங்களே உள்ளே அடைத்துவிடுவீர்கள்.

அப்புறம் மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கழுத்தில் இறுக்கமாக உட்காரும் புனல் இருந்தால் வசதி, இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்துக்கொள்ளலாம். மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்குங்கள், குமிழிகள் களக் களக் என்று வரும். ஐடிலில் எட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும், அப்போது மட்டம் திடீரென்று இறங்கும். பயப்படாமல் ஊற்றுங்கள். மூடி திறந்திருக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம், முகத்தில் அடிக்கும். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை, ஹீட்டரில் அனல் வரும் வரை காத்திருங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு பத்து நிமிடத்தில் மூடியை மாட்டி அனுப்பிய வண்டிகள்தான் மறுநாள் இழுத்துக்கொண்டு வருகின்றன. கடைசியில் மூடியைப் போட்டு, ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிரப்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும், அதுவும் காற்று வெளியேறிய கணக்குதான்.

ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்ட வண்டிகள் நம் பக்கம் ஏராளம். சேர்த்தால் பரவாயில்லை, கூலண்ட் சுற்றி வந்துவிடும். இரண்டு முனையிலும் போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டால்தான் வம்பு. தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் சில இன்ஜின்களில், ஹீட்டர் வழியாகத் திரும்பி வரும் சூடான கூலண்ட் பட்டால்தான் அது திறக்கும். அந்த வழியை அடைத்துவிட்டால் திறக்க நேரமாகும், அதற்குள் இன்ஜின் கொதித்துவிடும்.

இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் சில்லென்று இருக்கிறது

காற்று எடுத்தாகிவிட்டது, ஆனாலும் ரேடியேட்டரைத் தொட்டால் சூடே இல்லை. இது தெர்மோஸ்டாட் திறக்காததன் அடையாளம். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் வண்டியில் மேல் ஹோஸே வெதுவெதுப்பைத் தாண்டாது. கீழ் ஹோஸ் பக்கம் இருந்தால் மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடக்கும்.

புது தெர்மோஸ்டாட்தானே என்று விட்டுவிடாதீர்கள். புதிதாகப் போட்டதால்தான் சந்தேகம். அதில் ஸ்பிரிங்கும் குப்பியும் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டாலும் ஹவுசிங் மூடிக்கொள்ளும், போல்ட் இறுகும், ஒழுகாது. ஆனால் குப்பி ரேடியேட்டர் பக்கம் இருப்பதால் அதற்குச் சூடு தெரியாது. தட்டில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஊசியும் இருந்தால் அது மேல்பக்கம், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். காற்று தப்பிக்கும் வழி அதுதான். அடியில் போட்டால் காற்று மேலே தங்கிவிடும்.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று அடுப்பங்கரையிலேயே பார்த்துவிடலாம், வீட்டில் சம்மதித்தால். தட்டில் எத்தனை டிகிரி என்று எண் அடித்திருப்பார்கள், 82 அல்லது 88 என்பது சாதாரணம். வால்வு விளிம்பைக் கத்தி முனையால் கொஞ்சம் நெம்பி, ஒரு நூலை அந்த இடுக்கில் விட்டு மூடிக்கொள்ள விடுங்கள். நூலைப் பிடித்துத் தூக்கினால் தெர்மோஸ்டாட் தொங்கும். அப்படியே ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியில் தட்டாமல் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கூடவே போடுங்கள். திறக்கிற நொடியில் இடுக்கு விட்டு நூலிலிருந்து கழன்று 'டொக்' என்று பாத்திரத்தின் அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதும் தட்டில் உள்ள எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் சரி. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் நூலில் தொங்கிக்கொண்டே இருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகட்டும். விழுந்த பிறகும் கொதிக்க விட்டு, முழுதாக எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் அளவுக்காவது வாய் பிளக்க வேண்டும். கீறல் விழுந்தாற்போல் திறந்து நிற்பது சாலையில் போதாது.

"தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி எறி, நம்ம ஊருக்கு அது எதுக்கு" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் யோசனை. என் குருநாதரும் அதைத்தான் செய்தார், அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் கை வைத்த வண்டிகள் வேறு. இப்போது பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. ரேடியேட்டர் வழி திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். கழற்றி எறிந்தால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும். அப்படிச் சூடாகாவிட்டாலும் இன்ஜின் எப்போதும் அரைகுறைச் சூட்டில் ஓடி பெட்ரோலைக் குடிக்கும்.

சிக்னலில் ஏறுகிறது, ஓட ஓட இறங்குகிறது

வண்டி ஓடினால் காற்று தானாக அடிக்கும். நின்றால் ஃபேன்தான் அடிக்க வேண்டும். ஆகவே இது ஃபேன் பிரச்சினை, அதிகம் யோசிக்க வேண்டாம்.

ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுற்றும். ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது, சென்சார் பக்கம்தான் கோளாறு. கப்ளர் சரியாக உட்காரவில்லை, அல்லது வேறு மாடல் சென்சாரைப் போட்டுவிட்டார்கள். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் கப்ளர் என்று வரிசையாகப் பாருங்கள். ரேடியேட்டரை இறக்கும்போது ஃபேன் கப்ளரைக் கழற்றாமல் முடியாது, திரும்ப மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்காமலே விட்டிருப்பார்கள். ரேடியேட்டர் அடியிலேயே ஃபேன் சுவிட்ச் இருக்கும் பழைய வண்டியில், அதன் இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து சாவியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் சுவிட்ச்தான் காலி.

சுற்றுகிறது, ஆனாலும் சூடு இறங்கவில்லை என்றால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒயர் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், இன்ஜின் பக்கத்து அனலை எடுத்து ரேடியேட்டர் மேலேயே ஊதும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் முன் கிரில்லுக்கு எதிரே ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் ஒயரை மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளிப் உடைந்தது என்று அதை ஓரமாக வைத்துவிட்டு ஃபேனை மட்டும் மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கூடு இல்லாமல் ஃபேன் பக்கவாட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

ஊருக்குள் ஒன்றுமில்லை, பைபாஸ் சாலையிலும் மலையிலும் ஏறுகிறது

சேலத்தில் இதற்குப் பரிசோதனைக் கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குள் நாள் முழுக்கச் சமர்த்தாக இருக்கும் வண்டி ஆறாவது ஏழாவது வளைவில் வாயைப் பிளந்தால், கூலண்டோ காற்றோ போதிய அளவு ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கீழ் ஹோஸ். அதுதான் வாட்டர் பாடி உறிஞ்சும் பக்கம். விலை குறைந்த ஹோஸ், அல்லது உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்ட ஹோஸ், ஐடிலில் கோளாறு இல்லாததுபோல்தான் தெரியும். ஒருவரை ஆக்சிலேட்டரில் உட்கார வைத்து 3000 ஆர்பிஎம் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். உறிஞ்சுகிற வேகத்தில் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து பெல்ட். வாட்டர் பாடியைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் வழுக்கும், கீச்சென்று கத்தும். பல சுற்று சுற்றி வரும் ரிப் பெல்ட் உள்ள வண்டியில் பெல்ட்டை வழி மாற்றிப் போட்டுவிட்டால் வாட்டர் பாடி எதிர்ப்பக்கம் சுற்றும் வாய்ப்பும் உண்டு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்டர் பாடியின் உள் சக்கரம் தண்டில் கழன்று வழுக்குவதும் நடக்கும். வெளியே புல்லி ஜோராகச் சுற்றும், உள்ளே ஒன்றும் நடக்காது. டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வந்த சூடு என்றால், ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறார்களா என்று மார்க்கைப் பாருங்கள். இழுவையும் குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும்.

பிறகு ரேடியேட்டர் அடைப்பு. இன்ஜின் நன்றாகச் சூடான பின் நிறுத்தி, ஃபேன் கப்ளரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் கையைக் கிட்டே கொண்டுபோய் தடவுவதுபோல் நகர்த்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வரும் பக்கத்திலிருந்து போகும் பக்கத்துக்குச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன.

எதனால் அடைக்கும்? எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ஒரு மாதம் வெந்நீர் போடும் பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக என்ன படிகிறதோ, அதேதான். ஒழுகலுக்கு ஊற்றிய மருந்து. மஞ்சள் தூள்! சிரிக்காதீர்கள், ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நடுவழியில் ஊர் போய்ச் சேர அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாது. வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலந்தாலும் சில சமயம் களிபோல் திரண்டுவிடும். நிறத்தை நம்பிக் கலக்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்பது கம்பெனி போடும் சாயம்தான், வகை டப்பாவின் மேல் எழுதியிருக்கும். அப்புறம் சிலிக்கான் பேஸ்ட், பட்டறையில் அனபாண்ட் என்போம். தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு மெல்லிய கோடு போட வேண்டிய இடத்தில் பல் துலக்கும் பேஸ்ட் மாதிரி பிதுக்கிவிட்டால், உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டர் வாயில் உட்காரும். ஒருமுறை கீழ் ஹோஸுக்குள்ளிருந்து ஒரு வேட்டித் துண்டையே உருவினேன். கூலண்ட் ஒழுகாமலிருக்க வேலை நேரத்தில் செருகியது, எடுக்க மறந்திருக்கிறார்கள்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை டேங்க் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். இப்போதைய அலுமினியம், பிளாஸ்டிக் ரேடியேட்டருக்கு அது ஒத்துவராது, அடைத்தால் மாற்றுவதுதான். ஆனால் அடைப்புக்கு முன் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் பூச்சியும் கெட்டியாகப் படிந்திருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பம்பு வைத்து நேராக அடித்துக் கழுவினால் தகடுகள் மடங்கும், வழி இன்னும் அடையும். மெதுவான தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி விடுங்கள்.

கூலண்ட் கலவையையும் கேளுங்கள். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலண்டை அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. கெட்டிக் கூலண்டில் உள்ள கிளைகால் என்ற திரவம் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் போதும். ரெடிமிக்ஸ் வாங்கினால் எதையும் கலக்க வேண்டாம்.

ரிசர்வ் டேங்க் பொங்கி வழிகிறது, ரேடியேட்டர் குறைகிறது

முதலில் மூடி. சில நூறு ரூபாய்ப் பொருள், ஆனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும், அது தாங்கும் அழுத்தம். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, கூலண்ட் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டேங்குக்குப் போய்விடும். நடுவில் உள்ள சின்ன வால்வு மாட்டிக்கொண்டால் ஆறும்போது திரும்ப உறிஞ்சாது. அதற்கு அடையாளம், காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். ரேடியேட்டர் மாற்றும்போது பழைய மூடியையே போட்டிருந்தால், அல்லது கழுத்து ஆழம் பொருந்தாத வேறு வண்டி மூடியைப் போட்டிருந்தால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

மூடி புதிது, காற்று எடுத்தாயிற்று, ஆனாலும் பொங்குகிறது. இப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டை நினைக்க வேண்டும். காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். இன்ஜின் இன்னும் சூடே ஆகாத முதல் ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால், சிலிண்டர் அழுத்தம் கூலண்டுக்குள் வருகிறது. மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும். ஏர்லாக்கிலும் குமிழி வரும், ஆனால் அது வரவரக் குறைந்து நின்றுவிடும். இது நிற்காது.

உறுதி செய்ய நீல மருந்துச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அங்கே வரும் காற்றை நீல நிற மருந்து வழியாக இழுப்பார்கள். புகைக் காற்று கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். கூலண்ட் மட்டும் மருந்துக்குள் போய்விடக் கூடாது, அதனால் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரி இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மழைக்காலத்தில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் அது படியும். டிப்ஸ்டிக்கிலேயே டீ நிறத்தில் குழைந்து வந்தால் மட்டும் கவலைப்படுங்கள், அதன் பிறகு ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கேஸ்கெட் போனது உறுதியாகி ஹெட் இறங்கினால், லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் புது கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூட விடாதீர்கள். வளைந்த ஹெட்டுக்கு அடியில் அது சில மாதம்கூடத் தாங்காது.

முள் சொல்வதும் இன்ஜின் சொல்வதும் ஒத்துப்போகவில்லை

முள் உச்சியில் நிற்கிறது, ஆனால் ஹோஸ் சாதாரணச் சூடு, ஃபேன் அமைதி, ஆவி இல்லை: சென்சாரோ எர்த் ஒயரோ. 

இதற்கு நேர்மாறானது ஆபத்து. ஆவி வருகிறது, கூலண்ட் வாசனை அடிக்கிறது, முள் மட்டும் கீழேயே கிடக்கிறது. கூலண்ட் மொத்தமும் போய் சென்சார் வெறும் காற்றில் தொங்குகிறது. முள்ளைப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று ஓட்டிக்கொண்டு போனவர்கள்தான் இன்ஜினைச் சீஸ் ஆக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்த நொடியே நிறுத்த வேண்டும், பக்கத்து பங்க் வரைக்கும் என்றுகூட ஓட்டக் கூடாது.

எதைச் சரி செய்திருந்தாலும், ரிசர்வ் டேங்கில் ஆறிய மட்டத்துக்கு நேராக ஒரு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டிவையுங்கள். மூன்று நாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். முதல் நாள் விரல் அகலம் இறங்கினால் ஊற்றிக்கொள்ளலாம். மூன்றாம் நாளும் இறங்கினால், வெளியே சொட்டு தெரியாவிட்டாலும், வாட்டர் பாடிக்கு அடியிலும் இன்ஜின் பக்கவாட்டு ஓட்டைகளை அடைத்திருக்கும் டம்மி பிளக்குகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கூலண்ட் அங்கே பச்சையாகவோ சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருக்கும்.